முதல் ஓட்டத்தை ஏன் கணக்கில் சேர்க்காமல் விட்டீர்கள்?

கொம்பனித்தெரு:
"நம்பா போட்டு, ஃபங்ஷனுக்கு மேலே என்ஜிட் என்று ஒரு வரி எழுதினால் போதும், பைதன் 120 மடங்கு வேகம்" என்று நேற்று வெள்ளவத்தைத் தம்பி எழுதியிருந்தார். நம்பா, பைதன் கோடை இயந்திரக் குறியீடாக மாற்றி ஓட்டும் நூலகம். வாசித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அவர் கொடுத்த நேரங்கள்தான்: வெறும் பைதனில் 48 செக்கன், நம்பாவில் 0.4 செக்கன். கடைசி வரியில், முதல் ஓட்டம் மட்டும் 2.5 செக்கன். 48ஐ 2.5ஆல் பிரித்தால் 19. எங்கே அந்த 120?

வெள்ளவத்தைத் தம்பி:
நான் எதையும் ஒளிக்கவில்லை அண்ணா. முதல் தடவை கூப்பிடும்போது நம்பாவுக்குள் இருக்கும் எல்எல்விஎம் என்ற கம்பைலர் அந்த ஃபங்ஷனை இயந்திரக் குறியீடாக மாற்றுகிறது. அது ஒருமுறைச் செலவு. நான் செய்வது களனி கங்கைக்கு ஒரு எளிய வெள்ளக் கணக்கு. 30 வருட மணித்தியால மழை, 200 பராமீட்டர் தொகுதிகள், 5 கோடிக்கு மேல் படிகள். ஒவ்வொரு மணித்தியாலத் தேக்கமும் முந்தினதில் தங்கியிருக்கிறது. நாள் முழுக்க மாற்றி மாற்றி ஓட்டுகிறேன். அந்த 2 செக்கன் எனக்கு ஒன்றுமே இல்லை.

கொம்பனித்தெரு:
உங்களுக்கு இல்லை. எங்கள் வேலைத்தளத்தில் இரவில் ஒரு தடவை ஓடி மூடிவிடும். ஒவ்வொரு இரவும் அதுதான் முதல் ஓட்டம். 19!

மருதானை நிலா:
நேரத்தோடு போகும் லூப்பை உடைக்க முடியாது, சரி. ஆனால் 200 பராமீட்டர் தொகுதிகளும் ஒன்றையொன்று பார்ப்பதில்லையே. அவற்றை ஒரே அரேயாக, அதாவது ஒரே எண் வரிசையாக, வைத்தால் பைதன் லூப் சுமார் 2,63,000 தடவைதான் சுற்றும், மிச்சத்தை அரேக்களை மொத்தமாகக் கணக்கிடும் நம்பை நூலகம் பார்த்துக்கொள்ளும். கம்பைல் எதற்கு?

பழைய ஃபோர்ட்ரான்:
1957இலேயே ஐபிஎம்மில் ஜோன் பாக்கஸின் குழு ஃபோர்ட்ரான் மொழியில் இதைச் செய்து முடித்துவிட்டது. ஒருதடவை தொகுத்தால் கோப்பு அப்படியே கிடக்கும், ஒவ்வொரு இரவும் திரும்பத் தொகுக்கத் தேவையில்லை. அப்புறம், கம்பைலர் என்று எழுதாதீர்கள். நாங்கள் படித்தது தொகுப்பான்.

வெள்ளவத்தைத் தம்பி:
ஐயா, சொல் எதுவாக இருந்தாலும் நேரம் மாறாது. கொம்பனித்தெரு அண்ணா, கேச்சை ட்ரூ என்று வையுங்கள். கம்பைலானது வட்டில் சேமிக்கப்படும், அடுத்த இரவு அதையே எடுத்துக்கொள்ளும்.

கொம்பனித்தெரு:
எங்களுடையது ஒவ்வொரு இரவும் புதிதாக எழும் கண்டெய்னர், அதாவது புரோகிராம் ஓடும் தற்காலிகச் சூழல். சேமித்த கோப்பு அதோடு போய்விடும். வேறு வகை சிபியுவில் எழுந்தாலும் திரும்பக் கம்பைல். இன்னொன்று: முழு எண் அரே கொடுத்தால் ஒரு தடவை, தசம எண் கொடுத்தால் இன்னொரு தடவை கம்பைலாகும். இதை எத்தனை பேர் கவனித்தீர்கள்? ஜூலியா மொழி பற்றிய விவாதத்திலும் முதல் வரைபடம் வர எடுத்த நேரத்தைச் சொன்னதற்கு என்னைத்தான் திட்டினீர்கள். மறக்கவில்லை.

மருதானை நிலா:
அன்று திட்டியது நான் இல்லை. தம்பி, உங்கள் கோடில் வேகத்துக்காகக் கணித விதிகளைத் தளர்த்தும் ஃபாஸ்ட்மேத்தும் இருக்கிறது. மழை பதிவாகாத மணித்தியாலங்களை 'நேன்' (எண் அல்ல) என்று வைத்திருக்கிறீர்கள். ஃபாஸ்ட்மேத் போட்டால் நேன் வரவே வராது என்று கம்பைலர் எடுத்துக்கொள்ளும். நேனா என்று பார்க்க நீங்கள் எழுதிய இஸ்நேன் சோதனையே காணாமல் போகலாம். கொழும்பு நாகலகம் வீதியில் அளக்கும் கங்கை நீர்மட்டத்தோடு ஒப்பிட்டீர்களா?

வெள்ளவத்தைத் தம்பி:
ஃபாஸ்ட்மேத்தை எடுத்துவிட்டு ஓட்டினேன். 0.5 செக்கன். வேகம் இன்னும் வேகம்தான்.

கொம்பனித்தெரு:
பாருங்கள், 120 இப்போது 96 ஆகிவிட்டது. முதல் ஓட்டத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பழைய ஃபோர்ட்ரான்:
தொகுப்பான்.

வெள்ளவத்தைத் தம்பி:
நாளைக் காலை பத்து தடவை ஓட்டி, பத்து நேரத்தையும் போடுகிறேன்.

கொம்பனித்தெரு:
பத்து வேண்டாம். முதலாவது மட்டும்.