நான்கு கிரெடிட் கார்டு, இரண்டு கணக்கு: வீட்டுச் செலவையும் தொழில் செலவையும் எப்படிப் பிரித்து எழுதுகிறீர்கள்?

ஒளிப்படக்காரி:

நானும் என் தோழியும் கூட்டாக ஒரு சிறிய ஒளிப்படக் கூடம் நடத்துகிறோம். போட்ட மூலதனத்தில் பாதி அவளுடையது, லாபத்திலும் பாதி. ஆனால் கிரெடிட் கார்டுகள் நான்கும் என் பெயரில்தான் இருக்கின்றன. ஒன்று பெட்ரோலுக்கு அதிகப் பாயின்ட் தருவது. இன்னொன்று விமானத்துக்கும் விடுதிக்கும். மூன்றாவதில் இணையத்தில் வாங்கும் பொருள்களுக்கு 5 சதவீதம் கேஷ்பேக் கிடைக்கும், மாத உச்சவரம்போடு. நான்காவது, எதை வாங்கினாலும் ஒரே விகிதம். எங்கே எதை நீட்ட வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். அதில் குழப்பம் இல்லை.

குழப்பம் மாதக் கடைசியில் தொடங்குகிறது. ஸ்டேட்மென்ட் முடியும் தேதிகள் 5, 12, 18, 26 என்று சிதறிக் கிடக்கின்றன. கேமராவுக்கு வாங்கிய மெமரி கார்டும் மகனின் பள்ளிப் பையும் ஒரே பில்லில் இருக்கின்றன. இந்த மாதம் திருப்பி அனுப்பிய விளக்குத் தாங்கியின் பணம் அடுத்த மாத ஸ்டேட்மென்டில் வந்து உட்காருகிறது. எக்செலில் கார்டுக்கு ஒரு தாள் போட்டு எழுதுகிறேன். ஆனால் "போன மாதம் கூடத்துக்கு எவ்வளவு செலவானது?" என்று கேட்டால் நான்கு தாளையும் புரட்டித்தான் பதில் சொல்ல முடிகிறது.

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. கூடத்துக்காக வாங்கிய லென்ஸ், பிரின்டர் எல்லாவற்றுக்கும் சேரும் பாயின்ட் என் கணக்கில் விழுகிறது. அதில் விமான டிக்கெட் எடுத்து என் குடும்பம் சுற்றுலா போனால், அதில் பாதி தோழியின் பணம் இல்லையா? அவள் இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்காததாலேயே எனக்கு உறுத்துகிறது. கணக்கும் சுத்தமாக இருக்க வேண்டும், எங்கள் நட்பிலும் கீறல் விழக் கூடாது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பேரேடு:

அம்மா, சிறு தொழில்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. முதலில் மாற்ற வேண்டியது அந்தக் "கார்டுக்கு ஒரு தாள்" முறையைத்தான். எந்தக் கார்டு என்பது ஒரு கேள்வி. யாருடைய செலவு என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒரே இடத்தில் போட்டதால்தான் முடிச்சு விழுந்திருக்கிறது.

நான்கு கார்டுக்கும் சேர்த்து ஒரே தாள் வையுங்கள். தேதி, கடை, தொகை, எந்தக் கார்டு, யாருக்காக, என்ன வகை, ரசீது இருக்கிறதா: இந்தப் பத்திகள் போதும். "யாருக்காக" என்ற பத்தியில் கூடம், வீடு என்ற இரண்டு சொற்களைத் தவிர வேறு எதற்கும் இடம் கொடுக்காதீர்கள். "இரண்டும்" என்று எழுதிவைத்த வரியை யாரும் பிறகு பிரிப்பதில்லை. நான் பார்த்த எல்லாக் கணக்குகளிலும் அது அப்படியே கிடக்கும். மெமரி கார்டும் பள்ளிப் பையும் ஒரே பில்லில் இருந்தால் அன்றைக்கே இரண்டு வரியாக எழுதிவிடுங்கள். இரண்டு வரிக்கும் ஒரே பில் எண்ணைப் போட்டால், ஸ்டேட்மென்டில் வரும் ஒற்றைத் தொகையோடு பிறகு ஒத்துப் பார்க்கலாம். பில்லில் விற்பனை வரி, தள்ளுபடி இருந்தால் அதையும் பொருளின் விலைக்கு ஏற்பப் பிரித்துப் போடுங்கள்.

அடுத்தது, பலரும் தடுமாறும் இடம். கார்டு பில்லைக் கட்டுவது செலவு அல்ல. செலவு, பொருளை வாங்கிய அன்றே நடந்துவிட்டது. கணக்கியலில் கிரெடிட் கார்டு ஒரு பொறுப்பு, அதாவது நீங்கள் திருப்பித் தர வேண்டிய கடன். பில் கட்டும்போது வங்கி இருப்பும் குறைகிறது, கடனும் குறைகிறது, அவ்வளவுதான். வாங்கிய அன்று ஒரு முறை, பில் கட்டும்போது இன்னொரு முறை என்று இரண்டிலும் "செலவு" என்று எழுதினால் கூடத்தின் லாபம் இல்லாத அளவுக்குச் சுருங்கித் தெரியும்.

எடுத்துக்காட்டாக, பயணக் கார்டில் லென்ஸ் 60,000, வீட்டுக்கு 15,000 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கார்டு கடன் 75,000. கூடத்தின் புத்தகத்தில் வருவது 60,000 மட்டும்தான், அதுவும் "உங்களுக்குத் தர வேண்டியது" என்ற கணக்கில். கெடு தேதிக்கு முன் கூடத்தின் வங்கிக் கணக்கிலிருந்து சரியாக 60,000 உங்கள் சொந்தக் கணக்குக்கு வரட்டும். அங்கிருந்து நீங்கள் 75,000 கட்டுங்கள். கூடத்தின் கணக்கிலிருந்து நேராகக் கார்டுக்கு 75,000 கட்டிவிட்டால், மேலே உள்ள 15,000 நீங்கள் தொழிலிலிருந்து எடுத்த பணம். அதை "எடுப்புகள்" என்று உங்கள் பெயரில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் அதில் பாதியைத் தோழி சுமக்கிறார்.

ஸ்டேட்மென்ட் வந்ததும் ஒரே ஒரு சோதனை. முந்தைய நிலுவையோடு புதிய செலவையும் கட்டணங்களையும் கூட்டுங்கள். திரும்பி வந்த தொகையையும் நீங்கள் கட்டியதையும் கழியுங்கள். 20,000 + 75,000 + 500 − 4,000 − 20,000 = 71,500. உங்கள் தாளில் அந்தக் கார்டை மட்டும் வடிகட்டிப் பார்த்தால் இதே எண் வர வேண்டும். திருப்பி அனுப்பிய பொருளைக் கழித்தல் குறியோடு புது வரியாக, பணம் திரும்பி வந்த தேதியில் எழுதுங்கள். பழைய வரியைத் திருத்தாதீர்கள். திருத்தினால் ஏற்கெனவே சரிபார்த்து மூடிய மாதம் மறுபடியும் பிசகும்.

தேதிகள் சிதறிக் கிடப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். வாங்கியதற்குத் தாளில் எப்போதும் வாங்கிய தேதிதான். வங்கி பதிவு செய்யும் தேதி ஓரிரு நாள் தள்ளி வரலாம்; அது ஸ்டேட்மென்டை ஒத்துப் பார்க்க மட்டுமே பயன்படும்.

ஐந்துகார்டு:

பேரேடு சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. பாயின்ட் பக்கத்தை மட்டும் நான் சொல்கிறேன்.

பாயின்ட்டுக்கும் தனித் தாள் வேண்டும், ஏனென்றால் வங்கியின் கணக்கும் நம் கணக்கும் அடிக்கடி ஒத்துப்போவதில்லை. காரணம் பெரும்பாலும் வணிகர் வகைக் குறியீடு. ஒவ்வொரு கடைக்கும் அதன் கார்டு வசூலைக் கையாளும் வங்கி நான்கு இலக்கக் குறியீடு ஒன்றை இடுகிறது; ஐஎஸ்ஓ 18245 என்ற தரநிலை இதற்கென்றே இருக்கிறது. 5411 மளிகை, 5541 பெட்ரோல் நிலையம், 5812 உணவகம், 7011 விடுதி. கடையின் முதன்மைத் தொழில் எதுவோ அதுதான் குறியீடு. நீங்கள் என்ன வாங்கினீர்கள் என்று வங்கி பார்ப்பதில்லை. விடுதிக்குள் இருக்கும் உணவகத்தில் சாப்பிட்டால் அது 7011-ஆகப் பதிவாகலாம். உணவகத்துக்கு அதிகப் பாயின்ட் தரும் கார்டை நீட்டியும் பலன் இருக்காது. எனவே "எதிர்பார்த்த பாயின்ட்", "வந்த பாயின்ட்" என்று இரண்டு பத்தி வையுங்கள். வித்தியாசம் திரும்பத் திரும்ப வரும் கடைக்கு வேறு கார்டை ஒதுக்கிவிடலாம்.

திருப்பி அனுப்பிய பொருளுக்கான பாயின்ட்டை வங்கி பிடித்துக்கொள்ளும் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். புதுக் கார்டின் வரவேற்புச் சலுகைக்காகக் குறிப்பிட்ட தொகை செலவழிக்க வேண்டியிருக்கும்போது இது முக்கியம்: கெடுவுக்குள் இலக்கைத் தொட்டுவிட்டோம் என்று நினைப்போம், திருப்பி அனுப்பிய தொகையைக் கழித்தால் தொட்டிருக்க மாட்டோம். பாயின்ட் காலாவதியாகும் தேதி, மாத உச்சவரம்பு, ஆண்டுக் கட்டணம் விழும் மாதம் மூன்றும் அதே தாளில் மேலே நிற்கட்டும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன். பேரேடு காட்டிய 75,000-க்கு 2 சதவீதம் பாயின்ட் என்றால் 1,500. மாத வட்டி 3 சதவீதம் என்று வைத்துக்கொண்டு, அந்தத் தொகையை ஒரே ஒரு மாதம் கட்டாமல் விட்டால் வட்டி 2,250. சேர்த்த பாயின்ட் முழுவதும் போய், கையிலிருந்தும் 750 போகிறது. அதோடு நிற்பதில்லை. நிலுவை வைத்தால் வட்டியில்லாக் காலத்தைப் பல கார்டுகள் நிறுத்திவிடும், புதிதாக வாங்குவதற்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். கூடத்தின் வாடிக்கையாளர் பணம் தரத் தாமதித்தால்கூடக் கார்டு பில் முழுவதையும் கட்டும் அளவுக்குக் கையிருப்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகே பெரிய பொருளைக் கார்டில் வாங்குங்கள்.

எளியவழி:

இவ்வளவு தேவையா? தொழிலுக்கு ஒரு கார்டு, வீட்டுக்கு ஒரு கார்டு. மற்ற இரண்டையும் மூடிவிடுங்கள். பிரிக்கும் வேலையே இருக்காது.

ஒளிப்படக்காரி:

உங்கள் யோசனையை மதிக்கிறேன். ஆனால் எங்கள் செலவில் பெரும்பகுதி பயணமும் இணையக் கொள்முதலும்தான். அந்த இரண்டு கார்டையும் விட்டால் இழப்பு கணிசமானது. பெட்ரோல் கார்டை விடலாம், அதில் பெரிய பலன் இல்லை.

பேரேடு:

நடுவழி ஒன்று இருக்கிறது. கூடத்தின் பெயரிலேயே ஒரு தொழில் கார்டு வாங்கி, விளம்பரம், மென்பொருள் சந்தா, மின்கட்டணம் போன்று மாதந்தோறும் தானாகக் கழியும் எல்லாவற்றையும் அதில் கட்டிப்போடுங்கள். பிரிக்க வேண்டிய வரிகளில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும். சொந்தக் கார்டைத் தொழிலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று சில வங்கிகளின் நிபந்தனையிலேயே இருக்கும், அதையும் ஒருமுறை படித்துவிடுங்கள். பின்னால் கூடத்தை லிமிடெட் நிறுவனமாகப் பதிவு செய்யும் எண்ணம் இருந்தால் இந்தப் பிரிவினை கட்டாயம் ஆகிவிடும். அப்போது நிறுவனம் சட்டப்படி உங்களிடமிருந்து வேறான ஆள்.

தாளில் பதிவுகள் கூடிவிட்டால் க்னூகேஷ் போன்ற இலவசக் கணக்கு மென்பொருளுக்கு மாறலாம். கார்டைக் கடன் கணக்காகவே அது வைத்துக்கொள்ளும், வங்கி தரும் கோப்பையும் ஏற்றலாம். வங்கிப் பதிவுகளைக் கணக்கு மென்பொருளுக்குக் கொண்டுபோவதற்கென்றே உள்ள ஓஎஃப்எக்ஸ் (OFX) வடிவக் கோப்பு கிடைத்தால் அதையே எடுங்கள். அதில் ஒவ்வொரு பதிவுக்கும் வங்கியின் தனி அடையாள எண் இருப்பதால், ஒரே கோப்பைத் தெரியாமல் மறுபடி ஏற்றினாலும் மென்பொருள் கண்டுகொள்ளும்.

அச்சகத்தார்:

சகோதரி, பாயின்ட் யாருக்கு என்ற உங்கள் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லையே. எங்கள் அச்சகத்திலும் இரண்டு பங்குதாரர்கள். கார்டு என் பெயரில்.

இதற்கு ஒரே ஒரு நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கடன் உங்கள் பெயரில். பில் தவறினால் கெடுவது உங்கள் கடன் மதிப்பெண். தொழில் நொடித்தால் வங்கி உங்களைத்தான் தேடி வரும். அந்தப் பொறுப்புக்குப் பாயின்ட் கூலியாக இருக்கட்டும் என்று சொன்னால் அது நியாயம். வாங்கிய பொருளின் விலையில் பாதியைத் தோழி ஏற்கிறார், அந்த விலையிலிருந்து பிறந்த பாயின்ட்டிலும் அவருக்குப் பாதி என்று சொன்னால் அதுவும் நியாயம். எது என்பதை நீங்கள் தனியாக முடிவு செய்வதுதான் சரியில்லை.

நாங்கள் செய்தது இது. அச்சகச் செலவுக்கு வரும் பாயின்ட் அச்சகத்துக்கே. அதன் மதிப்பை, பாயின்ட்டை ஸ்டேட்மென்டில் பணமாகக் கழித்தால் வங்கி என்ன தருமோ அந்த விகிதத்தில் போடுகிறோம். விமான டிக்கெட்டாக மாற்றினால் கூடுதலாகக் கிடைக்கும் என்பது உண்மைதான், ஆனால் அந்த மதிப்பு டிக்கெட்டுக்கு டிக்கெட் மாறும், அதை வைத்துக் கணக்கு எழுத முடியாது. ஒவ்வொரு மாதமும் அச்சகம் எனக்குத் தர வேண்டிய தொகையில் அந்த மதிப்பைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருகிறது. பாயின்ட் முழுவதும் என்னிடமே இருக்கிறது, நான் எங்கே வேண்டுமானாலும் போகலாம். உங்கள் 60,000 லென்ஸுக்கு 1,200 மதிப்புள்ள பாயின்ட் என்றால், கூடம் உங்களுக்கு 58,800 தந்தால் போதும்.

இதைக் கூட்டு ஒப்பந்தத்தோடு ஒரு பக்கமாக இணைத்து இருவரும் கையெழுத்திட்டிருக்கிறோம்.

ஒளிப்படக்காரி:

நன்றி அண்ணா. இதைப் படித்ததும் தோழிக்கே அனுப்பிவிட்டேன். பாயின்ட் எனக்கே கூலியாக இருக்கட்டும் என்று நீங்கள் முதலில் சொன்னதே போதும் என்கிறாள் அவள், எனக்கு உங்கள் அச்சகத்தின் முறை பிடித்திருக்கிறது. நேரில் பேசுகிறோம்.

இன்னும் இரண்டு சந்தேகம். பயணக் கார்டின் ஆண்டுக் கட்டணத்தை யார் ஏற்பது? கணவருக்கும் அதே கார்டில் ஒரு துணைக் கார்டு இருக்கிறது. அவர் செலவும் என் ஸ்டேட்மென்டில் வருகிறதே?

பேரேடு:

துணைக் கார்டின் செலவைப் பெரும்பாலான வங்கிகள் அதன் கடைசி நான்கு இலக்கத்தோடு தனியாகக் காட்டும். "எந்தக் கார்டு" பத்தியில் அந்த நான்கு இலக்கத்தை எழுதுங்கள். "யாருக்காக" பத்தியில் அது எப்போதும் வீடுதான்.

ஆண்டுக் கட்டணம் பாயின்ட்டைப் பின்தொடரட்டும். பாயின்ட் முழுவதும் உங்களுக்கு என்று முடிவானால் கட்டணமும் உங்களுடையது. அச்சகத்தார் முறைக்குப் போனால், அந்தக் கார்டின் ஆண்டுச் செலவு 4 லட்சத்தில் கூடத்தின் பங்கு 3 லட்சம் என்றால் கட்டணத்தில் முக்கால் பங்கைக் கூடம் ஏற்கலாம்.

பழைய மாதங்களைத் தோண்டிக்கொண்டு இருக்காதீர்கள். ஒவ்வொரு கார்டிலும் கடைசி ஸ்டேட்மென்டின் நிலுவையை ஆரம்ப இருப்பாக எழுதி, அதில் கூடத்தின் பங்கு எவ்வளவு என்பதை மட்டும் தோழியோடு உட்கார்ந்து பிரித்துக்கொண்டு தொடங்குங்கள். வெப்பத்தாளில் அச்சிடும் ரசீதுகள் சில மாதத்திலேயே வெளுத்துவிடக்கூடும். கல்லாவை விட்டு நகரும் முன்பே படம் எடுத்துவிடுங்கள்.