நாலு பேர், ஒரு ஹார்ட் டிஸ்க், 11 நிமிடப் படம்: எடிட்டிங்கில் நீங்கள் பட்ட பாட்டைச் சொல்லுங்கள்

தெப்பக்குளத்துக்காரன்:

எங்கள் குறும்படம் ஒருவழியாக முடிந்தது. ஷூட்டிங் 3 நாள், எடிட்டிங் 4 மாதம். இப்படிச் சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். இங்கே இருப்பவர்கள் சிரிக்க மாட்டீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. விடியுமுன் மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போய் மல்லி வாங்கிவந்து, கட்டி, முழம் போட்டு விற்கும் ஓர் அம்மா. ஒரு நாள் மகனைக் கூட அழைத்துப் போகிறார். அவ்வளவுதான். அம்மாவாக நடித்தது எங்கள் கேமராக்காரனின் அத்தை. நிஜத்திலும் பூக்காரர்தான். அதனால் நடிப்பைப் பற்றி எங்களுக்குக் கவலையே இல்லை. கவலை எல்லாம் அதற்கப்புறம்.

முதல் தப்பு, படத்தைக் கூறு போட்டது. நாலு பேருக்குமே எடிட்டிங் ஆசை. யார் மனமும் நோகக் கூடாதென்று ஆளுக்கு இரண்டு சீன் என்று பிரித்துக்கொண்டோம். ஒருவன் விடுதியில், ஒருத்தி திருமங்கலத்தில், இன்னொருவன் விடுமுறைக்கு உசிலம்பட்டி போய்விட்டான், நான் வீட்டில். ஹார்ட் டிஸ்க் ஒன்றுதான். அது பஸ்ஸில் அங்கிட்டும் இங்கிட்டும் அலைந்து, அவரவர் லேப்டாப்பில் இறங்கியது.

மூன்று வாரம் கழித்து எல்லாவற்றையும் ஒட்டிப் பார்த்த அன்று, நிஜமாகவே வயிற்றைக் கலக்கியது. இரண்டு பேர் டைம்லைனை, அதாவது ஷாட்டுகளை வரிசையாக அடுக்கும் பட்டையை, விநாடிக்கு 25 பிரேமில் (படத்தில்) வைத்திருந்தோம். ஒருத்தி 24. சினிமா என்றால் 24 என்று எங்கோ படித்தாளாம். உசிலம்பட்டிக்காரன் போனில் எடுத்ததை முதலில் இழுத்துப் போட்டதால் அவனுடையது 30. ஒட்டிய இடங்களில் அத்தை நடக்கும்போது முட்டி வலிக்காரர் போல விட்டு விட்டு நடந்தார்.

அடுத்தது பைல் பெயர். எங்கள் கேமராவில் கார்டு மாற்றினால் எண் திரும்ப 0001-இல் தொடங்கும். மூன்று நாளுக்கு மூன்று கார்டு, ஆக மூன்று எம்விஐ_0001. தனித்தனி போல்டரில் இருந்தவரை பிரச்சினையில்லை. விடுதிக்காரன் 'சுத்தமாக இருக்கட்டும்' என்று எல்லாவற்றையும் ஒரே போல்டரில் கொட்டியதில் சில பைல்களுக்குப் பின்னால் தானாக அடைப்புக்குறியில் எண் ஒட்டிக்கொண்டது. ப்ராஜெக்டைத் திறந்தால் 'மீடியா ஆஃப்லைன்' என்று திரை முழுக்க சிவப்பு. பைல் எங்கே இருக்கிறதென்று திரும்பக் கண்டுபிடிக்கச் சொல்லும் ரீலிங்க் கொடுத்தோம். அது பெயரைத்தான் பார்க்கும், உள்ளே யார் இருக்கிறார் என்று பார்க்காது. மகன் "எனக்கு ஸ்கூலுக்கு நேரமாச்சு" என்கிறான், பதிலுக்கு ஓர் ஆடு வாழையிலை தின்கிறது. அந்தச் சீனை மட்டும் தனியாக வைத்திருக்கிறேன், மனசு சரியில்லாத நாளில் போட்டுப் பார்க்க.

ஆனால் உண்மையாக உயிரை வாங்கியது சத்தம்தான். அத்தை பூக் கட்டிக்கொண்டே பேசும் ஷாட், வெட்டே இல்லாமல் 4 நிமிடம். படம் போனில், சத்தம் தனி ரெக்கார்டரில். கைதட்டிய இடத்தை வைத்து இரண்டையும் பொருத்தினோம் (சிங்க்), தொடக்கத்தில் அச்சாகப் பொருந்தியது. கடைசியில் உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். எண்ணிப் பார்த்தால் 12 பிரேம், கிட்டத்தட்ட அரை விநாடி. நாங்கள் ஒவ்வொருவரும் அவரவர் காப்பியில் அங்கங்கே வெட்டி நகர்த்திச் சரி செய்தோம். நாலு பேர் நாலு விதமாக.

காரணம் பிறகுதான் தெரிந்தது. போன் 30 என்று காட்டினாலும் பிரேம் வேகம் நிலையாக இருக்காது, கூடும் குறையும். இருட்டில் வெளிச்சம் பற்றாமல் இன்னும் குறைத்துக்கொள்ளும். நாங்கள் எடுத்ததோ விடியற்காலை 4 மணி. ஹேண்ட்பிரேக் மென்பொருளில் போட்டு, நிலையான பிரேம் வேகத்துக்கு மாற்றிவிட்டு எடிட்டிங்கைத் தொடங்கியிருக்க வேண்டும். ஒரு ராத்திரி வேலை, அதற்கு ஒரு மாதம் அழுதோம்.

மார்க்கெட் ட்யூப்லைட் அடுத்த கூத்து. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் அந்தப் பழைய ட்யூப்லைட்டுகள் விநாடிக்கு 100 தடவை மினுக்கும். கேமராவில் ஷட்டர் 1/50 விநாடி வைத்திருந்தோம், அது மினுக்கலோடு ஒத்துப்போனதால் ஒன்றும் தெரியவில்லை. ஆட்டோவில் விட்ட போன் தன்னிஷ்டத்துக்கு ஏதோ வைத்துக்கொண்டது. படம் முழுக்கக் கறுப்புப் பட்டை மேலிருந்து கீழே ஊர்கிறது. எடிட்டிங்கில் பார்த்துக்கலாம் என்றோம். பார்க்க முடியவில்லை. அந்த ஷாட்டுகள் அத்தனையும் குப்பைக்குப் போயின.

அப்போதுதான் மேல மாசி வீதிப் பக்கம் ஒரு சந்தில் கல்யாண வீடியோ ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணன் ஒருவரிடம் போய் நின்றோம். ஆடி மாதம், முகூர்த்தம் கிடையாது, அவருடைய சிஸ்டம் சும்மா கிடந்தது. "ராத்திரி வந்து உக்காந்துக்கங்கப்பா, டீ மட்டும் நீங்க வாங்குங்க" என்றார். அவர் எடிட்டிங் என்றே சொல்ல மாட்டார், மிக்ஸிங்தான். எடியஸ் என்ற எடிட்டிங் மென்பொருளில் 20 வருடமாக ஓட்டுகிறார். நாங்கள் பிரீமியர் என்ற வேறு மென்பொருளில் செய்த ப்ராஜெக்டை எட்டிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "டம்ப்பு எங்க?" என்று. டம்ப் என்றால் கார்டிலிருந்து அப்படியே இறக்கிய ஒரிஜினல். எங்களிடம் அப்படி ஒன்று தனியாக இல்லை. பெயர் மாற்றியதும், வெட்டியதும், வாட்ஸ்அப்பில் வந்ததும் எல்லாம் ஒன்றாகக் கிடந்தது. அவர் ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது.

மேசை டிராயரிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் கோடு போட்ட நோட்டு. ஒரு கல்யாணத்துக்கு ஒரு பக்கம். எந்த கேமரா, எத்தனை கார்டு, எந்த டிஸ்க், எந்தத் தேதி, இப்போது யார் கையில். கடைசியில் மிக்ஸிங் செய்பவர் கையெழுத்து. "பொண்ணு வீட்டு கார்டையும் மாப்பிள்ளை வீட்டு கார்டையும் மாத்திட்டா என்னாகும்னு நெனச்சுப் பாரு தம்பி" என்றார். நினைத்துப் பார்த்தேன். எங்கள் ஆடு எவ்வளவோ தேவலை.

அந்த வாரமே எல்லாவற்றையும் கலைத்தோம். நல்லவேளை, கார்டுகளில் இரண்டை அழிக்கவில்லை. மூன்றாவதைத் திருமங்கலத்துக்காரி முதல் நாளே தன் லேப்டாப்பில் இறக்கி, தொடாமல் வைத்திருந்தாள். நாள், கேமரா, சீன், டேக் என்று எல்லா பைலுக்கும் புதுப் பெயர் வைத்தோம். சீனைப் பிரித்துக்கொள்வதை விட்டுவிட்டு வேலையைப் பிரித்துக்கொண்டோம். வெட்டுவது ஒரே ஆள், அவள்தான். நான் சத்தம். விடுதிக்காரன் கலர், சப்டைட்டில். உசிலம்பட்டிக்காரன் நோட்டு. அவன் முகம் தொங்கிப்போனது. ஆனால் உண்மையில் படத்தைக் காப்பாற்றியது அந்த நோட்டுதான் என்று இப்போதும் சொல்வேன். எந்த வெர்ஷனை யார் பார்த்தார்கள், என்ன சொன்னார்கள், எது மாறியது என்று எல்லாம் அதில் இருக்கிறது. 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'ஒரிஜினல் ஃபைனல்' வகையறாவை ஒழித்து, வி01 முதல் வி23 வரை வரிசையாகப் போனோம்.

சண்டை தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அத்தை பூவைக் கட்டி முடித்து, வாழைநாரைப் பல்லால் கடித்து வெடுக்கென்று இழுப்பார். அந்த இழுப்போடு அடுத்த சீனுக்கு வெட்டினாள் திருமங்கலத்துக்காரி. டைரக்டர், அதாவது கேமராக்காரன், நார் அறுந்த பிறகு அத்தை கண்ணை நிமிர்த்துகிறாரே, அதுவும் வேண்டும் என்றான். 14 பிரேம், அரை விநாடிக்குக் கொஞ்சம் மேலே. இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. கடைசியில் கண் நிமிர்வது வந்தது. அவன் சொன்னதுதான் சரி. ஆனால் அவன் அதைச் சொன்னது பிக்சர் லாக், அதாவது இனி வெட்டில் கை வைப்பதில்லை என்று நாலு பேரும் நோட்டில் கையெழுத்துப் போட்ட மறுநாள். அந்த இடத்துக்குப் பின்னால் நான் அடுக்கியிருந்த சத்தம் அத்தனையும் படத்தைவிட 14 பிரேம் முந்திக்கொண்டது. காக்கா, பஸ் ஹாரன், மார்க்கெட் இரைச்சல், ஒவ்வொன்றாக நகர்த்தினேன். அவனுக்கு இன்னும் ஒரு ஜிகர்தண்டா கடன் பாக்கி.

உங்கள் கதைகளையும் போடுங்கள்.

*

வைகைப்பாலம்:

சத்தம் என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் படத்தில் டீக்கடை சீன். சிம்மக்கல் பக்கம் ஒரு கடையில் பெர்மிஷன் வாங்கி எடுத்தோம். கடைக்காரர் அருமையான மனுஷன், எங்களுக்காக ரேடியோ சத்தத்தைக் குறைத்து வைத்தார். குறைத்தார், நிறுத்தவில்லை. நாங்களும் நிறுத்தச் சொல்லவில்லை. கடை எஃபெக்டாக இருக்கும் என்று ஒரு நினைப்பு.

இரண்டு பேர் பேசுகிறார்கள். இவன் முகம், அவன் முகம் என்று மாற்றி மாற்றி வெட்ட வேண்டும். ஒவ்வொரு வெட்டிலும் பின்னால் பாட்டு குதிக்கிறது. இவன் "வட்டி எவ்வளவு?" என்று கேட்கும்போது பல்லவி. அவன் "மூணு" என்று சொல்லும்போது சரணம். திரும்ப இவன் முகம் வந்தால் வேறு பாட்டு, நடுவில் ஒரு நகைக்கடை விளம்பரம். பேச்சோடு கலந்துவிட்ட பாட்டைப் பிரிக்க முடியவில்லை. போதாததற்கு, யூட்யூபில் ஏற்றினால் அந்தப் பாட்டுக்கு உரிமை கோரி அறிவிப்பு வரும், விழாவுக்கு அனுப்பினால் உரிமைக் கடிதம் கேட்பார்கள்.

கடைசியில் இரண்டு பேரையும் ஒரு கல்லூரி அறையில் போர்வையைத் தலைக்கு மேல் போட்டு உட்கார வைத்து டப்பிங் எடுத்தோம். மே மாதம். வியர்வையில் குளித்துவிட்டார்கள். டம்ளர் சத்தம், பாய்லர் சத்தம் இரண்டையும் அதே கடையில் ராத்திரி கடை அடைக்கும் நேரத்தில் தனியாகப் பதிவு செய்துகொண்டோம். அதைப் போட்டதும்தான் சீனுக்கு உயிர் வந்தது. இப்போதெல்லாம் எந்த இடத்தில் எடுத்தாலும் கிளம்பும் முன் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் வெறும் சத்தத்தை மட்டும் பிடித்துக்கொள்கிறேன். எல்லோரும் சும்மா நிற்பதைப் பார்த்து வழியில் போகிறவர்கள் யாருக்கோ மௌன அஞ்சலி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

*

கொம்புச் சுழி:

எங்களுக்குப் பிரச்சினை தலைப்பில். படத்தின் பெயரில் ஒரு 'கொ' வருகிறது. டைப் செய்தால் ஒற்றைக் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது, கால் எங்கோ ஓடுகிறது. மென்பொருள் நம் எழுத்தைச் சேர்த்து வைக்கும் அமைப்பில் இல்லை, செட்டிங்கில் தெற்காசிய மொழிக்கு மாற்ற வேண்டும் என்று அப்போது தெரியாது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பழைய பாமினி எழுத்துருவில் அடித்து ஒப்பேற்றினோம். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் ப்ராஜெக்டைத் திறந்தபோது படத்தின் பெயர் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நின்றது. இப்போது தலைப்பைத் தனியாகச் செய்து, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக வைத்துவிடுகிறோம். யார் சிஸ்டத்தில் திறந்தாலும் கொம்பு இடம் மாறாது.

*

ராத்திரி ரெண்டரிங்:

கடைசி நாள், முடிந்த படத்தை ஒரே வீடியோ பைலாக எடுக்க எக்ஸ்போர்ட் போட்டுவிட்டுத் தூங்கப் போனேன். 92 சதவீதத்தில் கரண்ட் போனது. பராமரிப்புக்காக மின்தடை என்று முதல் நாள் பேப்பரில் எங்கள் ஏரியா பெயரோடு வந்திருந்தது. அப்பா படித்திருக்கிறார், சொல்லவில்லை. "நீதான் பேப்பரே தொடறதில்லையேடா" என்றார்.

அப்புறம் ஒரு சந்தேகம். பென்டிரைவில் 5 ஜிபி பைல் ஏறவே மாட்டேன் என்கிறது, டிரைவில் 20 ஜிபி காலியாகத்தான் இருக்கிறது. ஏன்?

*

தெப்பக்குளத்துக்காரன்:

ராத்திரி ரெண்டரிங், உங்கள் பென்டிரைவ் எஃப்ஏடி32 என்ற பழைய ஃபார்மட்டில் இருக்கும். அதில் ஒரு பைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. உள்ளே இருப்பதை வேறு இடத்தில் காப்பி எடுத்துவிட்டு எக்ஸ்ஃபேட்டுக்கு ஃபார்மட் செய்யுங்கள். காப்பி எடுத்தது நிஜமாகவே திறக்கிறதா என்று ஓட்டிப் பார்த்துவிட்டு.

வாட்ஸ்அப் விஷயத்தையும் சொல்ல மறந்துவிட்டேன். வி23-ஐ அண்ணன் ஸ்டுடியோ சுவரில் புரொஜெக்டரில் போட்டபோது ஒரே ஒரு ஷாட் மட்டும் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. எப்போதோ வீடியோவாக அனுப்பி, சுருங்கி வந்த பைல் கடைசிவரை டைம்லைனிலேயே உட்கார்ந்திருக்கிறது. லேப்டாப் திரையில் யார் கண்ணிலும் படவில்லை. டாக்குமென்ட்டாக அனுப்பியிருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை.

அன்று அத்தையும் வந்திருந்தார். அந்தக் கட்டத்தையெல்லாம் அவர் கவனிக்கவில்லை. படம் முடிந்ததும், "ரெண்டாவது தடவ அளக்கும்போது முழம் கொறையுது, பாக்குறவங்க என்னயத் திருடினு நெனைக்க மாட்டாங்க?" என்றார். திரும்பப் போட்டுப் பார்த்தோம். ஆமாம், கை முழங்கை வரை போகும் முன்பே திருமங்கலத்துக்காரி வெட்டியிருக்கிறாள். உசிலம்பட்டிக்காரன் நோட்டைத் திறந்து, வி24 என்று எழுதினான்.