உரல் அட்டையும் பூந்தொட்டியும்

குழு: நம்ம வீடு

சனிக்கிழமை, காலை 10:05

நான்: பாப்பாவுக்கு நாலு வயது முடிந்ததும் ஒரு ஃபிளாஷ் கார்டு பெட்டி வாங்கினேன். உயிரெழுத்து, பழம், விலங்கு என்று மொத்தம் நூறு அட்டை. முதல் நாள் ஆசையாக உட்கார்ந்தாள். இப்போது பெட்டியை எடுத்தாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறாள். என்ன செய்வது?

அண்ணி: எப்படிக் காட்டுகிறாய்?

நான்: ஒவ்வொன்றாக எடுத்து ‘இது என்ன?’ என்று கேட்பேன். நேற்று உரல் படத்தைப் பார்த்துப் ‘பூந்தொட்டி’ என்றாள். ‘இல்லை, உரல்’ என்றேன். அழுதுவிட்டாள்.

அப்பா: பாவம், அவள் உரலை எங்கே பார்த்தாள்? நம் வீட்டு உரலே கொல்லையில் பாதி மண்ணுக்குள் கிடக்கிறது.

சித்தி: ஒரு தடவைக்கு எத்தனை அட்டை?

நான்: இருபது, இருபத்தைந்து வரும் சித்தி.

சித்தி: ரொம்ப அதிகம்மா. ஐந்து போதும். மூன்று அவளுக்கு ஏற்கெனவே தெரிந்தது, இரண்டு புதிது. ஐந்து நிமிடம் விளையாடினாலே நிறைய. ‘இன்னும் ஒரு தடவை’ என்று அவள் கேட்கும்போதே எடுத்து வைத்துவிடு. நாளைக்குத் தானே தேடி வருவாள்.

நான்: ஆனால் அ, ஆ, இ, ஈ எல்லாம் அட்டையைக் காட்டியதும் சொல்கிறாளே?

சித்தி: படத்தைக் கட்டைவிரலால் மூடிவிட்டுக் கேட்டுப் பார்.

காலை 11:20

நான்: மூடிக் கேட்டேன். அ மட்டும்தான் தெரிகிறது. மற்றதற்கெல்லாம் விழிக்கிறாள். இத்தனை நாளும் ஆட்டைப் பார்த்துத்தான் ‘ஆ’ சொல்லியிருக்கிறாள்!

சித்தி: வகுப்பில் இதை எத்தனையோ பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன். படம் கண்ணில் படும்போது எழுத்தைப் பார்க்க அவளுக்கு என்ன அவசியம்? அதனால் எழுத்து ஒரு பக்கம், படம் மறுபக்கம் இருக்கிற மாதிரி நாமே செய்துகொள்ளலாம். எழுத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, தானே திருப்பிப் பார்த்துக்கொள்வாள். நீ ‘தப்பு’ என்று சொல்ல வேண்டிய வேலையே இல்லை.

2007இல் தமிழ்நாடு முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குச் செயல்வழிக் கற்றல் வந்தது, ஞாபகம் இருக்கிறதா? எங்கள் வகுப்பில் தட்டுத் தட்டாக அட்டைகள். அட்டையில் ஒரு சின்னம் இருக்கும். சுவரில் இருக்கும் ஏணிப்படி அட்டவணையைப் பார்த்துப் பிள்ளைகளே போய் எடுத்து வந்து பாயில் உட்காருவார்கள். அட்டை அவர்கள் கையில் இருக்கும்போது வகுப்பே வேறு மாதிரி இருக்கும். நீயும் பெட்டியை அவளிடம் கொடுத்துவிடு. அவள் டீச்சர், நீ மாணவி. நடுவில் வேண்டுமென்றே ஒன்றைத் தப்பாகச் சொல். உன்னைத் திருத்தும்போது அவள் முகத்தைப் பார்.

தம்பி: அக்கா, இதற்கெல்லாம் செல்போனில் செயலி இருக்கிறதே?

அண்ணி: வேண்டாம்ப்பா. இரண்டு முதல் நாலு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், அதற்கும் குறைந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனமே 2019இல் சொல்லியிருக்கிறது. இருக்கிற ஒரு மணி நேரமும் அவளுக்குக் கார்ட்டூனிலேயே போய்விடும்.

அத்தை: பழைய கல்யாணப் பத்திரிகைகளை நான் தூக்கிப் போடுவதே இல்லை. பின்பக்கம் வழவழவென்று இருக்கும், அட்டை செய்ய அவ்வளவு பொருத்தம். என் பேரனுக்குக் கடுகு, மிளகு, சீரகம், வெந்தயம் என்று நாலு அட்டை எழுதிக் கொடுத்தேன். அஞ்சறைப் பெட்டியைத் திறந்து வைத்தால் முகர்ந்து பார்த்து அந்தந்தக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் அட்டையை வைப்பான். ஆனால் பக்கத்திலேயே உட்கார்ந்திரு, மிளகை மூக்கில் போட்டுக்கொண்டால் வம்பு.

அப்பா: எண்ணுக்கு என்னிடம் தினசரிக் காலண்டர் தாள் இருக்கிறது. கிழித்ததையெல்லாம் சேர்த்து வைத்திருக்கிறேன், 1 முதல் 31 வரை பெரிய எழுத்தில்.

நான்: கொடுங்கள் அப்பா!

ஞாயிற்றுக்கிழமை, மாலை 6:40

நான்: இன்று மொட்டை மாடியில் பாண்டிக் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஓர் அட்டை வைத்தோம். எழுத்தைச் சொல்லிவிட்டுத்தான் குதிக்க வேண்டும். வியர்த்து ஒழுகியும் கீழே வர மாட்டேன் என்றாள். ‘எ’வும் ‘ஏ’வும் மட்டும் மாறி மாறி வருகின்றன.

சித்தி: அந்த இரண்டையும் ஒரே நாளில் காட்டாதே. ஒ, ஓ கூட அப்படித்தான். முதலில் எ நன்றாகப் பதியட்டும், இரண்டு வாரம் கழித்து ஏ கொடு. அப்புறம் இன்னொன்று. 247 எழுத்தும் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ப, ட, ம் மூன்று அட்டையை வரிசையாக வை: படம். முதல் அட்டையை மட்டும் மாற்று: மடம், தடம், வடம், இடம். எழுத்துகள் சேர்ந்து சொல்லாவதை ஒரு குழந்தை முதல் தடவை கண்டுபிடிக்கும்போது போடுமே ஒரு சத்தம், அதற்காகத்தான் நான் முப்பது வருடம் பள்ளிக்கூடம் போனேன்.

அண்ணி: ஐ-க்கு என்ன படம்? எங்கள் பெட்டியில் ‘ஐவர்’ என்று ஐந்து பேர் நிற்கிறார்கள். எங்கள் பையன் அதைப் பார்த்துக் ‘கல்யாணம்’ என்கிறான்.

சித்தி: அவன் கையையே அட்டையில் வைத்து வரைந்துவிடு. ஐந்து விரல், ஐந்து.

புதன்கிழமை, இரவு 8:15

நான்: (படம்) இது பாப்பாவே செய்த அட்டை. அத்தை கொடுத்த பத்திரிகையின் பின்பக்கம் பூந்தொட்டி வரைந்து, ‘பூ எழுதிக் கொடு’ என்றாள். எழுதினேன். விரலால் அதன் மேல் மூன்று தடவை வரைந்து பார்த்துவிட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டாள்.

அத்தை: என் தங்கம்!

அப்பா: உரலைச் சுற்றி மண்ணை வெட்டி எடுத்துக் கழுவி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டி வா. பொட்டுக்கடலையும் வெல்லமும் போட்டு இடிக்கலாம். அந்த அட்டையையும் எடுத்து வா.

நான்: வருகிறோம் அப்பா. உலக்கை இருக்கிறதா?

அப்பா: பெரியப்பா வீட்டுப் பரணில் இருக்கிறது. நாளைக்குப் போய் வாங்கி வருகிறேன்.