சோலாரோடு பேட்டரியும் போட்டால் கட்டுப்படியாகுமா?

உடுமலை மருமகள்:
வணக்கமுங்க. மாடியில் 3 கிலோவாட் சோலார் போடப் போகிறோம். கோடையில் ஏசி ஓடினால் ரெண்டு மாசத்துக்கு 900 யூனிட் வருகிறது. பேட்டரியோடும் ஓடுகிற ஹைப்ரிட் இன்வெர்ட்டரும், 5 யூனிட் கரன்ட் சேமிக்கிற லித்தியம் பேட்டரியும் வைத்தால் கூடுதலாக ஒன்றே முக்கால் லட்சம் ஆகும், நாலே வருஷத்தில் காசு திரும்பிவிடும் என்கிறார் போட வந்தவர். மாமியாருக்கு ஆக்சிஜன் மெஷின் ஓடுகிறது, ஆடிக் காற்றில் கரன்ட் போனால் எங்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது. என்ன செய்யட்டும்?

பல்லடத்தான்:
காசு திரும்பாதுங்க அக்கா. வீட்டு இணைப்புக்கு நெட் மீட்டர் உண்டு, பகலில் நீங்கள் ஈபிக்கு அனுப்பும் யூனிட் ராத்திரி செலவில் அப்படியே கழிந்துவிடும். ஈபியே உங்களுக்கு பேட்டரியாக இருக்கிறது. 1 கிலோவாட்டுக்கு நாளைக்கு 4 யூனிட் என்று வைத்தால் ரெண்டு மாசத்தில் 720 யூனிட் வரும், 900-இல் அதைக் கழித்தாலே பில் 500 யூனிட்டுக்குக் கீழே இறங்கிவிடும். 500 யூனிட் தாண்டினால்தான் கீழ் ஸ்லாப்பின் (முதலில் வரும் யூனிட்களின்) ரேட்டும் சேர்ந்து ஏறுகிறது. உங்கள் பேட்டரியில் தினமும் நாலரை யூனிட் எடுத்தாலும், 10 வருஷத்தில் 16,000 சொச்சம் யூனிட்தான். யூனிட்டுக்குப் பத்து ரூபாய்க்கு மேல் விழுகிறது, பேட்டரியில் போட்டு எடுப்பதில் வீணாகும் கரன்ட் தனி. மத்திய அரசின் சூர்யகர் திட்ட மானியம் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய், அதுவும் பேட்டரிக்குக் கிடையாது.

கோபி அண்ணன்:
தம்பி கணக்கு சரிதான், ஆனால் மூச்சு விடுகிற விஷயத்தைக் காசில் மட்டும் பார்க்கக் கூடாதும்மா. பேட்டரி இல்லாமல் ஈபி லைனோடு மட்டும் சேர்ந்து ஓடுகிற சாதாரண ஆன்-கிரிட் போட்டால் ஈபி போனதும் சோலாரும் நின்றுவிடும், லைனில் வேலை செய்கிறவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள். மாசாந்திர பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு நிறுத்துவார்கள் பாருங்கள், மேலே வெயில் கொளுத்தும், இன்வெர்ட்டரில் சிவப்பு லைட் எரிந்துகொண்டு சும்மா கிடக்கும். ஹைப்ரிட் என்றால் பகலில் பேனலே மெஷினை ஓட்டும், பேட்டரி மேகம் மறைக்கிறபோது தாங்கினால் போதும். ராத்திரிக்குத்தான் இருப்பு வேண்டும். மெஷின் 350 வாட் என்றால் மணிக்கு 0.35 யூனிட், ஆறு மணி நேரத்துக்கு 2.1, வீணாவதும் சேர்த்து மெஷினுக்கு மட்டும் என்றால் இரண்டரை யூனிட் பேட்டரி போதும், வேறு சாமானும் ஓடினால் அதற்கும் சேர்த்துப் பெரிதாக வேண்டும். பின்னால் இன்னும் பேட்டரி சேர்க்க முடிகிற மாடலாகக் கேளுங்கள்.

உடுமலை மருமகள்:
ரொம்ப நன்றிங்கண்ணா. அப்போ வீடு முழுக்க பேட்டரியில் ஓட்ட வேண்டாமா?

கோபி அண்ணன்:
வேண்டவே வேண்டாம். மாமியார் ரூம், ரெண்டு ஃபேன், லைட், ஃப்ரிட்ஜ் மட்டும் தனி லைனாக இழுக்கச் சொல்லுங்கள், ஏசியும் மோட்டாரும் அதில் வரவே கூடாது. வயரிங் பண்ணும்போதே சொல்லிவிட்டால் செலவு குறைவு, அப்புறம் என்றால் சுவரை உடைக்கணும். ஒரு ஆக்சிஜன் சிலிண்டரும் வீட்டில் நிறைத்தே இருக்கட்டும், பேட்டரியை மட்டும் நம்பாதீர்கள்.

பல்லடத்தான்:
அண்ணன் சொன்னபடியே செய்யுங்க அக்கா, பில்லுக்காக இல்லை, மாமியாருக்காக என்றால் அந்தச் செலவு நியாயம்தான். பேட்டரியை மாடித் தகர ஷெட்டில் மட்டும் வைக்க விடாதீர்கள், சூட்டில் ஆயுசு குறைந்துவிடும். நிழலான, காற்றோட்டமான இடம் வேறே இருக்கா?