ஊரே அழுதால் ஏதாவது மாறுமா?

நெடுவழி:
மாறும் என்பதுதான் என் கட்சி. 1911 மார்ச் 25, நியூயார்க்கில் ட்ரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலை எரிந்து 146 பேர் செத்தார்கள், பெரும்பாலும் இளம்பெண்கள். துணி திருட்டுப் போய்விடும் என்று படிக்கட்டுக் கதவைப் பூட்டி வைத்திருந்தார்கள், மாடியிலிருந்து குதித்தவர்களைத் தெருவே நின்று பார்த்தது. அன்று அந்தக் கூட்டத்தில் நின்ற பிரான்சிஸ் பெர்கின்ஸ்தான் 1933ல் அமெரிக்கத் தொழிலாளர் துறை அமைச்சரானார். தீ பாதுகாப்புக்கும் வேலை நேரத்துக்கும் சில வருஷத்திலேயே சட்டங்கள் வந்தன.

வேப்பங்காய்:
வசதியான உதாரணமாகப் பொறுக்கி எடுத்துவிட்டீர்கள். 2001 செப்டம்பர் 11, அமெரிக்காவில் நடந்த பயங்கரவாதத் தாக்குதலை எடுங்கள். நாடே கலங்கிக் கிடந்தபோது 45 நாளில், மக்களை உளவு பார்க்க அரசுக்குக் கூடுதல் அதிகாரம் தரும் பேட்ரியட் சட்டம் வந்தது, எதிர்த்து ஓட்டுப் போட்ட ஒரே செனட்டர் ரஸ் ஃபைன்கோல்ட். அப்புறம் 2003ல் ஈராக் போர், அந்தத் தாக்குதலோடு சம்பந்தமே இல்லாத நாடு. எழவு வீட்டில் கணக்கு கேட்பவனை யாரும் மதிப்பதில்லை, ஆட்சியில் இருப்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

நெடுவழி:
அது பயம் சார், துக்கம் இல்லை.

வேப்பங்காய்:
அழுதுகொண்டிருப்பவனிடம் போய் இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள், பார்ப்போம்.

இரவு ஷிப்ட்:
இரண்டு பேருமே முன்னால் நடந்ததை விட்டுவிட்டீர்கள். 2013 ஏப்ரலில் வங்கதேசத்தில் தையல் ஆலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்தது. முந்தைய நாளே சுவரில் விரிசல், கீழே இருந்த வங்கி மூடிவிட்டது, தையல் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் உள்ளே அனுப்பினார்கள், 1,100க்கு மேல் சாவு. மே மாதமே பெரிய பிராண்டுகள் கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் வரிசையாகக் கையெழுத்திட்டன. ஆனால் தொழிற்சங்கங்கள் அப்படி ஒரு ஒப்பந்தத்தை அதற்கு முன்பே எழுதி வைத்துக்கொண்டு அலைந்தன, 2012 முழுக்க இரண்டே கம்பெனிகள்தான் ஒத்துக்கொண்டன. காகிதம் தயாராக இல்லாமல் இருந்திருந்தால் அந்தக் கண்ணீரும் மாலை மரியாதையோடு முடிந்திருக்கும்.

நெடுவழி:
இதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டு கையெழுத்து இருநூறைத் தாண்டியது சாவுக்குப் பிறகுதானே?

வேப்பங்காய்:
சரி, அபெர்ஃபானுக்கு என்ன சொல்வீர்கள்? 1966ல் வேல்ஸில் நிலக்கரிக் கழிவு மேடு பள்ளிக்கூடத்தின் மேல் சரிந்து 116 குழந்தைகள் உட்பட 144 பேர் போனார்கள். மக்கள் அனுப்பிய நிவாரண நிதியிலிருந்தே 1,50,000 பவுண்டை எடுத்துத்தான் மிச்ச மேடுகளை அகற்றினார்கள், மேடுகளின் சொந்தக்காரரோ அரசின் நிலக்கரி வாரியம். அந்தப் பணம் திரும்பி வந்தது 1997ல், அதுவும் வட்டி இல்லாமல்.

நெடுவழி:
2007ல் வேல்ஸ் அரசு நினைவு நிதிக்கு 15 லட்சம் பவுண்ட் கொடுத்தது. ஊர் விடாமல் கேட்டதால்தான்.

வேப்பங்காய்:
41 வருஷம் சார். கேட்க ஆரம்பித்த பெற்றோரில் எத்தனை பேர் அதைப் பார்த்திருப்பார்கள்?