அயர்லாந்து அரசியல்வாதி கிளேர் டேலியை நேரில் பார்த்தவர்கள் உண்டா?

அந்தப் பெயரை நான் முதலில் கேட்டது, கருக்கலைப்பு மறுக்கப்பட்ட இந்தியப் பல் மருத்துவர் சவிதா இங்கே இறந்த பிறகு. டப்ளினில் நர்ஸாக வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவருக்காக 2012 நவம்பர் 17இல் நடந்த ஊர்வலத்துக்குச் சும்மா எட்டிப் பார்க்கத்தான் போனேன். கூட நடந்த ஐரிஷ் அம்மா ஒருவர் சொன்னார்: தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் கருக்கலைப்பை அனுமதிக்க வேண்டும் என்று டேலியும் இன்னும் இரண்டு எம்.பி.க்களும் ஏப்ரலிலேயே மசோதா கொண்டுவந்தார்களாம். சபை அதைத் தோற்கடித்தது. அக்டோபர் 28இல் கால்வேயில் சவிதா போய்விட்டார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

2019 மே மாதம் டேலி ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு நின்றார். உள்ளாட்சித் தேர்தலும் அதே நாள். என் கையில் ஒரு சீட்டுதான் கொடுத்தார்கள், உள்ளாட்சிக்கு. குடியுரிமை வாங்காத நம்மைப் போன்றவர்களுக்கு அவ்வளவுதான் ஓட்டு.

நேரில் பார்த்தது ஒரே தடவை, பாலஸ்தீன ஊர்வலம் ஒன்றில். கைகொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டேன். சவிதா பற்றிச் சொல்ல நினைத்தது தொண்டையிலேயே நின்றுவிட்டது.

— — —

அக்கா, எனக்கு அவர்மேல் அந்த மரியாதை இல்லை. ரஷ்யப் படையெடுப்பைக் கண்டித்து 2022 மார்ச் 1இல் ஐரோப்பிய நாடாளுமன்றம் தீர்மானம் போட்டபோது எதிர்த்து வாக்களித்த 13 பேரில் இவரும் ஒருவர். எங்கள் மாடியில் ஒரு உக்ரைன் குடும்பம் இருக்கிறது. அவர்கள் முகத்தைப் பார்த்தபின் அவருடைய அமைதிப் பேச்சு எனக்கு உறைக்கவில்லை. 2024இல் தோற்றபோது ஆச்சரியப்படவும் இல்லை.

— — —

நான் லிமெரிக். டேலியைப் பார்த்ததில்லை, அவர் தாண்டிய வேலியைப் பார்த்திருக்கிறேன்!

2014 ஜூலை 22. அவரும் இன்னொரு எம்.பி. மிக் வாலஸும் ஷானன் விமான நிலையத்துக்குள் வேலி தாண்டிப் போனார்கள். அங்கே நின்ற அமெரிக்க ராணுவ விமானங்களில் ஆயுதம் இருக்கிறதா என்று அரசாங்கம் சோதிப்பதில்லை, நாங்களே பார்க்கிறோம் என்பது அவர்கள் வாதம். பிடித்துவிட்டார்கள். என்னிஸ் கோர்ட்டில் ஆளுக்கு 2,000 யூரோ அபராதம். கட்டவில்லை. 2015 டிசம்பரில் கைது செய்து எங்கள் ஊர் ஜெயிலுக்குக் கொண்டுவந்து, சில மணி நேரத்தில் வெளியே விட்டார்கள். ஜெயில் டேலிக்குப் புதுசும் இல்லை. 2003இல் குப்பை வரிப் போராட்டத்துக்காக ஒரு மாதம் உள்ளே இருந்தவர். இத்தனைக்கும் அப்பா அயர்லாந்து ராணுவத்தில் கர்னல்.

2016இல் பாஸ்டன் விமானத்துக்காக ஷானனில் காத்திருந்தேன். டியூட்டி ஃப்ரீ கடை முழுக்கச் சீருடையில் அமெரிக்கப் பையன்கள், கையில் சாக்லேட் டப்பா. என் தம்பி வயசு இருக்கும். இப்படி 2001க்குப் பிறகு ஷானன் வழியாகப் போனவர்கள் 25 லட்சத்துக்கும் மேல். நாடு நடுநிலை நாடு! உக்ரைன் ஓட்டு எனக்கும் உறுத்துகிறது. ஆனால் அந்தக் கடையில் நின்றபோது வேலி தாண்டியதைத் தப்பு என்று நினைக்க முடியவில்லை.

அங்கே மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, பகல் 2 முதல் 3 வரை, விமான நிலையச் சாலை ரவுண்டானாவில் சிலர் பேனரோடு நிற்பார்கள். ஒருமுறை நானும் நின்றேன், நல்ல மழை. வருவதென்றால் சொல்லுங்கள் அக்கா, லிமெரிக்கிலிருந்து பஸ் இருக்கிறது.