பொருள்: நேம் சர்வர் என்பது பெயர்வழங்கியா, முகவரியுணர்த்தியா?

அனுப்பியவர்: மொழிபெயர்ப்பாளர், கோவை

அனைவருக்கும் வணக்கம். கல்லூரி மாணவர்களுக்கான ஓப்பன்கியூஏ (மென்பொருளைத் தானாகச் சோதிக்கும் கருவி) ஆய்வகக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'நேம் சர்வர்' (பெயரைக் கொடுத்தால் அதன் எண் முகவரியைச் சொல்லும் சேவை) என்ற ஒரே ஒரு சொல்லில் வேலை நிற்கிறது.

இடம் இதுதான். தானியங்கிச் சோதனைக்காக, கணினிக்குள் கணினியை இயக்கும் கியூஎமு மென்பொருள் ஒரு மெய்நிகர் கணினியைத் தனியாக இயக்கினால் எல்லாம் தானாக அமைந்துவிடும்: கணினிக்கு 10.0.2.15, வெளியே போகும் வாசலுக்கு 10.0.2.2, நேம் சர்வருக்கு 10.0.2.3. இரண்டு கணினிகள் பேசிக்கொள்ள வேண்டிய சோதனை என்றால் அவற்றை மெய்நிகர் சுவிட்ச் ஒன்றில் இணைக்கிறோம். அங்கே அந்த 10.0.2.3 இருக்காது, முகவரியையும் நேம் சர்வரையும் நாமே எழுத வேண்டும். முகவரியை எழுதிவிட்டு நேம் சர்வரை விட்டுவிட்டால் எண்ணுக்கு பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை) போகும், பெயருக்குப் போகாது. ஆனால் பிழை தெரிவது வேறிடத்தில். மென்பொருள் நிறுவும் திரையில் சோதனை காத்துக்கிடந்து, நேரம் தீர்ந்து, சிவப்பாகும்.

'பெயர்வழங்கி' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிற சொல்தான். ஆனால் முன்னோட்ட வகுப்பில் பலர் அதைக் கணினிக்குப் பெயர் வைக்கிற ஒன்று என்று எடுத்துக்கொண்டு, ஹோஸ்ட்நேமை (கணினியின் சொந்தப் பெயரை) மாற்றிக்கொண்டிருந்தார்கள். என்ன போடலாம்?

அனுப்பியவர்: தமிழாசிரியர், மதுரை

மாணவர்கள் சரியாகத்தான் படித்திருக்கிறார்கள். மண்வெட்டி மண்ணை வெட்டுவது. பெயர்வழங்கி பெயரை வழங்குவது. இந்த 'இ' விகுதி நமக்குப் புதிதல்ல. 'சினமென்னும் சேர்ந்தாரைக் கொல்லி' என்று குறள் 306 சொல்லும்போது, யாரைக் கொல்வது என்பதில் குழப்பமே இல்லை. நல்ல கலைச்சொல்லும் அப்படி இருக்க வேண்டும். இந்தக் கருவி பெயரை வாங்கிக்கொண்டு முகவரியை உணர்த்துகிறது. ஆகவே 'முகவரியுணர்த்தி'.

இன்னும் ஆழமாகப் போகலாம். 'எல்லாச் சொல்லும் பொருள் குறித்தனவே' என்கிறது தொல்காப்பியம். பெயர் சொல், முகவரி அது குறிக்கும் பொருள். அப்படிப் பார்த்தால் 'குறிப்பி' என்ற ஒற்றைச் சொல்லே போதும்.

அனுப்பியவர்: கணினி ஆசிரியை, யாழ்ப்பாணம்

ஐயா, குறிப்பி என்றால் எங்கள் பிள்ளைகள் குறிப்பெடுக்கும் செயலியைத்தான் நினைப்பார்கள். இங்கே வலையமைப்பு, சேவையகம் என்று பழகிவிட்டோம். பெயர்ச் சேவையகம் என்றால் யாரும் மயங்கமாட்டார்கள். '.இலங்கை' என்று தமிழிலேயே களப்பெயர் (இணைய முகவரியில் வரும் பெயர்) இருக்கிற நாட்டிலிருந்து எழுதுகிறேன். அந்த எழுத்துகள்கூட உள்ளே எக்ஸ்என் என்று தொடங்கும் ரோமன் சரமாக மாறித்தான் நேம் சர்வருக்குப் போகின்றன. அதற்காக நாங்கள் தமிழில் எழுதுவதை நிறுத்தவில்லை.

அனுப்பியவர்: தமிழாசிரியர், மதுரை

அம்மா, 'அகம்' இடத்தைக் குறிப்பது. நூலகம், மருந்தகம் சரி. பின்னணியில் ஓடுகிற ஒரு நிரலை அகம் என்பது எப்படிப் பொருந்தும்?

அனுப்பியவர்: கணினிப் பொறியாளர், சென்னை

கொஞ்சம் நடைமுறைக்கு வருவோம். மாணவர் நேம் சர்வரைக் குறிக்கும் 'ரிசால்வ்.கான்ஃப்' கோப்பில் ஆங்கிலத்தில்தான் தட்டப் போகிறார். தமிழ்ச் சொல் விளக்கத்துக்கு மட்டும். அலுவலகத்தில் எல்லாரும் நேம் சர்வரை டிஎன்எஸ் சர்வர் என்றுதான் சொல்கிறோம், அதையே போடுங்கள்.

இல்லை, தமிழில்தான் வேண்டும் என்றால் ஒரு எச்சரிக்கை. முகவரி என்று தொடங்கும் எந்தச் சொல்லும் வேண்டாம். அதே ஆய்வகத்தில் டிஹெச்சிபி சர்வரும் ஓடும். கணினிக்கு முகவரி கொடுப்பது அதுதான். எந்த நேம் சர்வரைக் கேட்க வேண்டும் என்று சொல்வதும் அதுவே. முகவரியுணர்த்தி என்று படித்த மாணவர் நேராக டிஹெச்சிபி அமைப்பைத் திறப்பார். ஒரு குழப்பம் போய் அதைவிடப் பெரியது வரும்.

இன்னொன்று. 1987-இல் வந்த இணைய நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 1034, ஒரு களத்தின் பதிவுகளை வைத்திருக்கும் நேம் சர்வரையும் நமக்காகத் தேடித்தரும் ரிசால்வரையும் தனித்தனியாகவே பேசுகிறது. அந்தக் கோப்பில் 'நேம் சர்வர்' என்று எழுதுகிற முகவரியில் பெரும்பாலும் இரண்டாவது வகைதான் இருக்கும். அது பதில் சொல்லாவிட்டால் லினக்ஸ் வழக்கமாக 5 விநாடி காத்திருந்துதான் அடுத்ததைக் கேட்கும். சோதனை தாமதமாவது இப்படித்தான். கையேட்டில் இதைச் சொல்லாமல் சொல்லை மட்டும் மாற்றிப் பயனில்லை.

அனுப்பியவர்: கோலாலம்பூர்

டிஎன்எஸ் சர்வர் என்று போடுவதானால் எதற்கு ஐயா தமிழ்க் கையேடு? தமிழ்நாட்டில் சர்வர் என்றால் ஓட்டலில் இலை போட்டுப் பரிமாறுபவர். அந்தப் பொருளில் அது வேரூன்றிவிட்டது. சர்வரை விட்டு 'வழங்கி'யைப் பிடித்துக்கொள்ளுங்கள். வழங்கு என்பதற்குக் கொடு என்று மட்டுமா பொருள்? நடமாடு, புழங்கு என்பதும் உண்டு. வழக்கு அதிலிருந்து வந்ததுதானே? 'வழக்கும் செய்யுளும் ஆயிரு முதலின்' என்று தொல்காப்பியப் பாயிரத்திலேயே இருக்கிறது. பெயர்கள் வழங்கும் இடம் பெயர்வழங்கி. மாட்டுக்குக் கட்டிய கொட்டகை மாட்டுக்கொட்டகை ஆவதுபோல, பெயருக்கு விடை வழங்குவது என்று உருபும் பயனும் உடன்தொக்க தொகையாகவும் கொள்ளலாம்.

அனுப்பியவர்: தமிழாசிரியர், மதுரை

கேட்டதும் மாணவருக்குத் தோன்றும் பொருள்தான் சொல்லின் பொருள். தொகையை விரித்துச் சொல்ல ஆசிரியர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்றால் அது கலைச்சொல் இல்லை.

அனுப்பியவர்: மொழிபெயர்ப்பாளர், கோவை

நன்றி. நாளை அச்சு. நேம் சர்வருக்குப் 'பெயர்வழங்கி' என்றே விடுகிறேன்; நால்வர் அதற்குச் சம்மதம் என்று தனி மடல் அனுப்பியிருக்கிறார்கள். ரிசால்வருக்குப் 'பெயர்தெளிவி'. சென்னை நண்பர் சொன்னபடி, முதல் முறை வரும் இடத்தில் 'பெயரைக் கொடுத்தால் முகவரியைச் சொல்லும் சேவை. கணினிக்குப் பெயரோ முகவரியோ தருவது இதன் வேலையல்ல' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். எண்ணுக்கு பிங் போய்ப் பெயருக்குப் போகாத நிலையைத் தனிப் பயிற்சியாகவும் வைத்துவிட்டேன். மாதிரிக் களப்பெயர்கள் எல்லாம் '.டெஸ்ட்' என்று முடியும். ஆர்எஃப்சி 2606 அதைச் சோதனைக்கென்றே 1999-இல் ஒதுக்கிவிட்டது.

அனுப்பியவர்: கணினி ஆசிரியை, யாழ்ப்பாணம்

அந்த ஒரு வரி நல்லது. எங்கள் வகுப்பில் பெயர்ச் சேவையகம் என்றுதான் சொல்வோம். சொல்லடைவில் இரண்டையும் போடுங்கள்.

அனுப்பியவர்: தமிழாசிரியர், மதுரை

அச்சுக்குப் போகட்டும், தடுக்கவில்லை. என் மறுப்பு மடற்குழுவில் இருக்கட்டும். 'முகவரி'தான் சிக்கல் என்றால் 'பெயருணர்த்தி' என்பதில் என்ன குறை என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. ஹோஸ்ட்நேமுக்கு என்ன போட்டிருக்கிறீர்கள்?